அக்கா பேரில் விட்டுப்போன ஓர் எழுத்து

2023 ஜூன் மாதம், மாங்காய் சீசன் முடிகிற நேரத்தில் மாமா தவறிப்போனார். என் மூத்த அக்காவின் வீட்டுக்காரர். நான் பட்டாளத்துக்குப் போனதே அவரைப் பார்த்துத்தான். அவரும் மெட்ராஸ் சாப்பர்ஸ், நானும் மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு. எங்கள் சென்டரில் ஜவான்களைத் ‘தம்பி’ என்றுதான் சொல்வார்கள். வீட்டில் அக்கா கூப்பிடுவதும் அப்படித்தான் என்பதால், பெங்களூரில் போய்ச் சேர்ந்த முதல் வாரம் அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள், காவேரிப்பட்டணம் பக்கத்தில் உள்ள அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து அக்கா என் முன்னால் வைத்தாள். மூடியில் வெள்ளை பெயின்ட்டில் மாமாவின் நம்பர், ராங்க், பேர்.

“இதுல என்னென்னமோ காயிதம் இருக்குது தம்பி. தொலைஞ்சிடும்னு அவரு யாரையும் தொட விட்டதில்ல. நீயே பாரு.”

திறந்ததும் அந்துருண்டை வாசம். மேலே விரித்த பழைய செய்தித்தாளை எடுத்தால், கைக்குட்டையில் முடிந்த மெடல்கள், கேன்டீன் கார்டு, டிஸ்சார்ஜ் புக். அதற்கடியில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்த பிபிஓ, அதாவது ஓய்வூதிய உத்தரவு. இருபத்தெட்டு வருஷம் மாதா மாதம் பணம் கொண்டுவந்த தாள். அதில் மனைவி பேர் இருக்கும் இடத்தைத் தேடிப் படித்தேன். அக்காவின் பேரில் கடைசி ‘ள்’ இல்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எல்தான் விட்டுப்போயிருந்தது. ஆதாரில் அந்த எழுத்து இருக்கிறது, வாக்காளர் அட்டையில் இருக்கிறது, பாஸ்புக்கில் இருக்கிறது. பிபிஓவில் மட்டும் இல்லை. பிறந்த வருஷம் பிபிஓவில் 1955, ஆதாரில் 1957. முகவரியில் தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி தாலுகா என்று இருந்தது. மாமா பென்ஷன் வந்தது 1995-ல். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரி 9-ல். அதற்குப் பிறகு அந்தத் தாளை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

முன்னாள் ராணுவத்தார் வீடுகளில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குறிப்பாக வீட்டுப் பெண்கள் படிக்க வேண்டும், அல்லது யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். நமக்குக் கிடைக்கிற பலன்கள் உண்மையிலேயே நல்ல பலன்கள். ஆனால் எல்லாம் வீட்டுக்காரர் பேரில், அவர் போன் நம்பரில், அவர் ஞாபகத்தில் இருக்கின்றன. அவர் இல்லாத அன்றைக்குத்தான் அவை மனைவி கைக்கு வர வேண்டும். அந்த மனைவியை அதற்குத் தயார்படுத்தும் வேலையை யாரும் செய்வதில்லை. நானும் அதுவரை செய்திருக்கவில்லை.

முதலில் ஓய்வூதியக் கணக்கைச் சொல்கிறேன். இறந்த நாள் வரைக்கும்தான் அவருடைய பென்ஷன். மறுநாளிலிருந்து மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். மாமா இறந்தது 18-ம் தேதி. யாரும் தகவல் சொல்லாததால் மாதக் கடைசியில் முழு மாதப் பென்ஷனும் கணக்கில் விழுந்துவிட்டது. ஓசூரில் வேலை பார்க்கும் என் மருமகன் அதை எடுத்துக் காரியச் செலவுக்குப் போட்டுவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டுமே. ஆனால் அதில் பன்னிரண்டு நாள் பணம் நமக்குச் சேராதது. பின்னால் அக்காவுக்கு வந்த நிலுவையில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு நாள் என்பதால் வலிக்கவில்லை. மாதக்கணக்கில் தகவல் சொல்லாமல் எடுத்துச் செலவழித்த வீடுகளில் பெரிய தொகையாகத் திருப்பிக் கட்ட வேண்டி வந்திருக்கிறது. இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் முதல் வேலை, தகவல் சொல்வது. சான்றிதழில் நாலைந்து பிரதிகள் வாங்கி வையுங்கள். போகிற இடத்திலெல்லாம் ஒன்று கேட்பார்கள்.

இப்போது ராணுவ ஓய்வூதியம் ஏறக்குறைய முழுக்க ‘ஸ்பர்ஷ்’ என்கிற இணைய முறையில் வருகிறது. பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் நேராகக் கணக்கில் போடுகிறது. வங்கிக்குப் பணத்தை வரவு வைக்கிற வேலை மட்டும்தான். அதனால் பழைய வழக்கப்படி வங்கி மேனேஜரிடம் போய் நின்றால் முழு வேலையும் ஆகாது. ஸ்பர்ஷுக்குள் போக மாமாவின் போன் நம்பருக்கு ஓடிபி வரும். அந்த போன் எங்கே என்று தேடினால், பட்டன் போன், அரிசி டப்பாவுக்குப் பின்னால் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. ரீசார்ஜ் முடிந்து சிம் பேச்சுமூச்சில்லாமல் இருந்தது. நல்லவேளை, நம்பர் இன்னும் ரத்தாகவில்லை. கடையில் கொடுத்து ரீசார்ஜ் போட்டதும் உயிர் வந்தது. ஒருவர் இறந்ததும் அவர் சிம்மை வீணாகக் காசு போகிறதே என்று விட்டுவிடுவார்கள். தயவுசெய்து ஒரு வருஷமாவது ஓட விடுங்கள். பென்ஷன், வங்கி, மருத்துவ கார்டு, எல்லாவற்றுக்கும் சாவி அந்த நம்பர்தான்.

ஒரு காரியத்தை மட்டும் மாமா சரியாகச் செய்திருந்தார். பென்ஷன் கணக்கு இரண்டு பேர் பேரிலும் கூட்டுக் கணக்காக, யாரேனும் ஒருவர் எடுக்கலாம் என்கிற முறையில் இருந்தது. அதனால் குடும்ப ஓய்வூதியமும் அதே கணக்கிலேயே வந்தது. தனிக் கணக்காக மட்டும் வைத்திருக்கிறவர்கள் இந்த வாரமே போய் மாற்றிவிடுங்கள்.

அந்த ‘ள்’ விஷயம்தான் இழுத்தது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் (எங்கள் வாயில் சைனிக் ஆபீஸ்) விண்ணப்பம் எழுத உதவினார்கள். பிபிஓவில் இருப்பவரும் ஆதாரில் இருப்பவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம், அக்கா ஐந்தாவது வரை படித்த பள்ளிக்கூடத்திலிருந்து ரெக்கார்டு ஷீட், வாரிசுச் சான்றிதழ், இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ. போட்டோவுக்குத்தான் அதிகம் அலைந்தோம். கடைசியில் பேத்தி காதுகுத்துக்கு எடுத்த ஆல்பத்தில் கிடைத்தது. இதையெல்லாம் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. பெங்களூர் இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர்தான். காலை பஸ் ஏறி அக்காவையும் கூட்டிக்கொண்டு எங்கள் படைப்பிரிவின் பழைய பதிவுகள் இருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கே போய்விட்டேன்.

அல்சூர் ஏரிப் பக்கம் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். மாமா இருபத்து நாலு வருஷம் கடிதத்தில் எழுதிக்கொண்டே இருந்த இடம். அவள் அதுவரை பார்த்ததில்லை. “இங்கதான் இருந்தாரா?” என்று மட்டும் கேட்டாள்.

உள்ளே ஒரு சின்ன வயதுப் பையன், கிளார்க், பழைய பதிவுகளைத் தேடி எடுத்தான். 1976-ல் மாமா லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு திரும்பிப் போனதும் கொடுத்த விவரம். பார்ட் டூ ஆர்டர் என்போம். கல்யாணம், பிள்ளை பிறப்பு எல்லாம் அதில்தான் ஏறும், அதிலிருந்துதான் பிபிஓவுக்குப் போகும். மாமா தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டில் அவளைக் கூப்பிடுகிற மாதிரியே, ‘ள்’ இல்லாமல். அக்காவுக்குச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, ஒவ்வோர் எழுத்தாக எழுதி, கடைசி ‘ள்’ளை மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாகப் போட்டாள்.

திருத்தம் முடிந்து முதல் குடும்ப ஓய்வூதியம் வர ஏழு மாதம் ஆனது. நிலுவை மொத்தமாக வந்துவிட்டது, அதில் குறை இல்லை. ஆனால் ஏழு மாதம் தோப்புக் குத்தகைப் பணத்திலும் ராகியிலும்தான் அக்கா வீடு நடந்தது. குத்தகைப் பணமும் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள் என்று அப்போது நிறைய யோசித்தேன். மாமா உயிரோடு இருக்கும்போது இதே திருத்தத்தைச் செய்திருந்தால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. பிறந்த வருஷமும் சின்ன விஷயம் இல்லை. குடும்ப ஓய்வூதியதாரருக்கு 80 வயதானால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வரும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதானால் ஒரு மடங்கே கூடும். வயதை எந்தத் தாளைப் பார்த்துக் கணக்கிடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தொகையைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அக்கா மாமாவின் பென்ஷன் அப்படியே வரும் என்று நினைத்திருந்தாள். பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம், சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். அதாவது மாமாவுக்கு நூறு வந்த இடத்தில் அக்காவுக்கு ஏறத்தாழ அறுபது. அகவிலைப்படி இரண்டுக்கும் உண்டு. குறைந்தபட்சம் 9,000 ரூபாயும் அதன்மேல் அகவிலைப்படியும் என்று ஒரு வரம்பு இருக்கிறது, அதற்குக் கீழே போகாது. கணவர் ஓய்வு பெற்றபின் சீக்கிரமே இறந்துவிட்டால் மட்டும் முதல் ஏழு வருஷம், அல்லது அவர் இருந்திருந்தால் அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை, உயர்த்தப்பட்ட விகிதமான 50 சதவீதம் கிடைக்கும். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டதால் அக்காவுக்கு அது இல்லை.

உயர்த்தப்பட்ட விகிதம் கிடைத்த ஒரு வீட்டையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். 2006-ல் என்னோடு ஒரே நாளில் பென்ஷன் வந்த நண்பன், பர்கூர் பக்கத்து ஊர்க்காரன். 2017-ல் பைக் விபத்து, 54 வயது. இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்ஐசி பாலிசி ஒன்று இருந்தது, அதை அவன் மனைவி தானாகவே வாங்கிவிட்டார். ஒரு வருஷம் கழித்து ஏதோ ஒரு தாள் என்ன என்று கேட்டு என்னிடம் கொண்டுவந்தார். பார்த்தால் ஆர்மி குரூப் இன்சூரன்ஸின் நீட்டிப்புக் காப்பீட்டுச் சான்றிதழ்.

இது பலருக்குத் தெரியாது. சர்வீஸில் இருக்கும்போது மாதாமாதம் சம்பளத்தில் குழுக் காப்பீட்டுக்குப் பிடிப்பார்கள். 1976-லிருந்து நடக்கிற திட்டம். பென்ஷன் வரும்போது அதில் சேர்ந்த பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். அப்போதே அதிலிருந்து ஒரே தவணையாக ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு, ஓய்வுக்குப் பிறகும் பல வருஷம் தொடர்கிற உயிர்க் காப்பீடு ஒன்றைத் தருவார்கள். எத்தனை வருஷம், எவ்வளவு தொகை என்று சான்றிதழிலேயே போட்டிருக்கும். வீட்டுக்கு வருகிற சந்தோஷத்தில் அந்தத் தாளை மற்ற தாள்களோடு சுருட்டிப் பெட்டியில் போட்டுவிடுவோம். பிரீமியம் கட்டச் சொல்லி யாரும் நினைவுபடுத்துவதும் இல்லை, ஏற்கெனவே கட்டியாகிவிட்டதே. அதனால் இருப்பதே மறந்துபோகும். நண்பனின் மனைவிக்கு சைனிக் ஆபீஸ் மூலம் விண்ணப்பித்து அந்தப் பணம் வந்தது. மகளின் படிப்பு அதில்தான் தொடர்ந்தது. அந்தப் பெண்ணுக்குப் பிரதமர் உதவித்தொகையும் கிடைத்தது. முன்னாள் படைவீரர் பிள்ளைகள் தொழிற்படிப்பில் முதல் வருஷம் சேரும்போதே விண்ணப்பிக்க வேண்டும். இப்போது பையன்களுக்கு மாதம் 2,500, பெண்களுக்கு 3,000 ரூபாய்.

ஒன்று மட்டும் கைநழுவிப்போனது. பல வங்கிகள் ராணுவத்தாருக்கென்று தனிச் சம்பள, ஓய்வூதியக் கணக்குத் திட்டம் வைத்திருக்கின்றன. அந்த வகைக் கணக்காக இருந்தால், தனியாகப் பிரீமியம் கட்டாமலே விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கும். தொகை வங்கிக்கு வங்கி, வருஷத்துக்கு வருஷம் மாறும். நண்பனின் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காகவே கிடந்தது. பென்ஷன் அதில்தான் வந்தது, ஆனால் வகையை மாற்றச் சொல்லி அவன் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அது ஒரு பக்க விண்ணப்பம். அன்றைக்கே என் கணக்கை மாற்றிவிட்டேன். மாற்றியபின், விபத்து நடந்தால் எத்தனை நாளுக்குள் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டேன். உங்கள் பாஸ்புக்கை எடுத்துப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

2024-ல் நண்பனின் மனைவிக்கு, அந்தத் தங்கச்சிக்கு, ஏழு வருஷம் முடிந்து ஓய்வூதியம் குறைந்தது. யாரோ பணத்தைத் திருடுகிறார்கள் என்று பதறிப்போய் போன் செய்தார். முன்னாலேயே நான் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

இனி மருத்துவம். இசிஎச்எஸ் என்கிற முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டம் 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. ஒரே ஒரு தடவை சந்தா. 2017 டிசம்பர் கடைசியில் நிர்ணயித்தபடி ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரையான ஜேசிஓக்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. அதற்குப் பிறகு கணவன் மனைவி இருவருக்கும் ஆயுள் முழுக்க, வயது வரம்பு இல்லாமல், ஏற்கெனவே இருக்கிற நோயைக் காரணம் காட்டித் தள்ளாமல் சிகிச்சை. வெளியில் எந்தக் காப்பீட்டிலும் இது கிடைக்காது. 2003 ஏப்ரலுக்குப் பின் ஓய்வு பெறுகிறவர்களுக்கு இது கட்டாயம். 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தாவே கிடையாது.

மாமா 1995-ல் வந்தவர். ஒரு பைசா இல்லாமல் கார்டு வாங்கியிருக்கலாம். ஆனால் கார்டு வாங்காதவர்களுக்கு மருத்துவப் படியாக மாதம் 1,000 ரூபாய் பென்ஷனோடு வரும். கார்டு வாங்கினால் அது நின்றுவிடும். “மாசம் ஆயிரம் கைல வருதுடா, எனக்கென்ன நோயா வந்து கிடக்குது?” என்பார். திடகாத்திரமான மனுஷன், எழுபது வயதிலும் மரம் ஏறுவார். தன் உடம்பை வைத்து மட்டும் கணக்குப் போட்டார். அக்காவுக்குச் சர்க்கரை, இரண்டு கண்ணிலும் புரை. ஆயிரம் ரூபாய் அவள் மாத்திரைக்கே போதவில்லை, கண் ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே வந்தாள். மாமா மேல் எனக்குள்ள மரியாதை குறையாமலே சொல்கிறேன், அந்த முடிவு தப்பு. இன்றும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இதே ஆயிரத்துக்காகக் கார்டை வேண்டாம் என்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் ஒரே கேள்வி கேளுங்கள், வீட்டில் அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று.

குடும்ப ஓய்வூதியம் அக்கா பேருக்கு வந்த பிறகு, அவள் பேரிலேயே கார்டுக்கு விண்ணப்பித்தோம். குடும்ப ஓய்வூதியதாரரும் உறுப்பினராகலாம். படித்தொகை நின்றது. கார்டு வந்தது. இசிஎச்எஸ்ஸின் சொந்த மருத்துவமனையான பாலிகிளினிக்கில் பார்த்து ரெஃபரல் எழுதிக் கொடுத்து, ஒரு கண், மூன்று மாதம் கழித்து இன்னொரு கண், இரண்டும் பணம் கட்டாமலே முடிந்தன. கட்டுப் பிரித்த அன்றைக்கு அக்கா முதலில் சொன்னது, “மாமரத்துல பிஞ்சு தெரியுது தம்பி.”

கார்டு இருந்தும் அவதிப்பட்ட கதை என் வீட்டிலேயே உண்டு. 2019-ல் ஒரு ராத்திரி என் மனைவிக்கு நெஞ்சுவலி. நான் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் காரில் போட்டுக் கிட்டத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அது இசிஎச்எஸ் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி. அவன் செய்தது சரிதான், அவசரத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம், விதியே அனுமதிக்கிறது. ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். அது என் மனைவிக்கும் தெரியாது, என் மகனுக்கும் தெரியாது. நான் மறுநாள் மாலை வந்து சேர்ந்து போன் செய்தேன், கெடுவுக்குள் ஆகிவிட்டது. நான் வர இன்னும் இரண்டு நாள் தாமதமாகியிருந்தால்?

ஸ்டென்ட் வைத்தார்கள். பில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம், கையிலிருந்து கட்டினோம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் முதலில் நாம்தான் கட்ட வேண்டும், பிறகு மத்திய அரசுச் சுகாதாரத் திட்டமான சிஜிஎச்எஸ் கட்டண விகிதப்படிதான் திருப்பித் தருவார்கள். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை ஒட்டி வந்தது. அதற்கும் அவசரச் சிகிச்சைதான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விலை போட்ட அசல் பில், ஸ்டென்ட் ஸ்டிக்கர் எல்லாம் வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் கேட்பாரில்லை.

இன்னொன்று, பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரி என்றாலும் எல்லாச் சிகிச்சைக்கும் இருக்காது. கண்ணுக்கு மட்டும் ஒன்று, இதயத்துக்கு ஒன்று என்று பிரிவு வாரியாக அங்கீகாரம். எங்கள் ஊரிலிருந்து இதயத்துக்கு எது, எலும்புக்கு எது, ராத்திரியில் எதற்குப் போவது என்று பாலிகிளினிக்கில் கேட்டு ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சரிபார்க்கிறோம். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் பணம் கட்டுவதற்கு முன்னால் கார்டை நீட்ட வேண்டும். அவசரமாகச் சேர்த்தால் பட்டியல் ஆஸ்பத்திரியே இணையத்தில் தகவல் அனுப்பிவிடும். ஒரு ஆஸ்பத்திரியில் கார்டைப் பார்த்த பிறகும் முன்பணம் கேட்டார்கள். முடியாது, எழுத்தில் கொடுங்கள் என்று என் மனைவி கேட்டதும் விட்டுவிட்டார்கள். ஆமாம், கேட்டது என் மனைவிதான். 2019-க்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இசிஎச்எஸ் மகனுக்கு 25 வயது வரை, அதற்குள் வேலைக்குப் போய்விட்டால் அதுவரை. மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை அல்லது வேலைக்குப் போகும்வரை. அதற்குப் பிறகு அவர்கள் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும். அதை இளம் வயதிலேயே எடுத்துவிடுவது நல்லது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைப்பார்கள். எனக்கும் என் மனைவிக்கும் தனியார் பாலிசி எடுக்கச் சொல்லி ஏஜென்ட் வந்தார். எங்கள் வயதுக்கு அவர் சொன்ன பிரீமியத்தைக் கேட்டு வேண்டாம் என்றுவிட்டேன். பாலிகிளினிக் வெகு தூரத்தில் இருக்கிறவர்கள் வேறு மாதிரி முடிவு எடுக்கலாம். 70 வயது தாண்டிய பெரியவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். 2024 அக்டோபரிலிருந்து அந்த வயதுக்காரர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் அட்டை தருகிறார்கள். இசிஎச்எஸ் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். முகாம் போட்டிருக்கிறார்கள் என்று வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். போன தடவை இ-சேவை மையத்தில் அக்காவின் கைரேகை மெஷினில் விழவே இல்லை. வருஷம் வருஷமாகப் புளி உடைத்துக் கொட்டை எடுத்த விரல்கள், ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் கைவிரித்துவிட்டாள். அப்புறம் என் மருமகன் போனில் முகத்தைக் காட்டிச் செய்கிற ஆப்பை ஏற்றி, வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார வைத்து எடுத்தான். இரண்டே நிமிஷம். “கண்ணைச் சிமிட்டு” என்று அவன் சொன்னதும் அக்கா வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டாள்.

என் வீட்டில் இப்போது ஒரு நீள நோட்டு இருக்கிறது. என் ஆர்மி நம்பர், பிபிஓ நம்பர், ஸ்பர்ஷ் விவரம், நீட்டிப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் எந்தக் கவரில் இருக்கிறது, பாலிகிளினிக் போன், சைனிக் ஆபீஸ் போன். அந்த நோட்டை நான் எழுதவில்லை, என் மனைவி எழுதினாள். நான் சொல்லச் சொல்ல அவள் கையெழுத்தில், அவளுக்குப் புரிகிற வார்த்தையில். பிபிஓவில் அவள் பேரையும் பிறந்த தேதியையும் ஆதாரோடு வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தோம். இன்ஷியல் ஒன்று மாறியிருந்தது, விண்ணப்பித்து நான் இருக்கும்போதே திருத்தியாகிவிட்டது. மாத்திரை வாங்க இப்போது அவளே பாலிகிளினிக்குப் போகிறாள், நான் கூடப் போவதில்லை.

போன வாரம் அக்கா வந்திருந்தாள். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும், ஆனால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்றாள். கண்தான் இப்போது நன்றாகத் தெரிகிறதே என்றேன். “எனக்கில்ல தம்பி. எங்க தெருவுல இன்னும் ரெண்டு பட்டாளத்து வீடு இருக்குது. அவளுங்களுக்குக் காட்டணும்.” என் மனைவி புது நோட்டு வாங்கி வந்திருக்கிறாள். இன்று ராத்திரி முதல் பக்கம் எழுத ஆரம்பிக்கிறாள்.